டீ வடிகட்டிய துணி

ஆலங்குடிப் பக்கம் புயல்காற்றில் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே விழுந்துவிட்டது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போன பஸ், அங்கேயே நின்றுபோனது. மரத்தை அறுக்க, எங்கள் மரக்கடையின் பெட்ரோல் ரம்பத்தோடு நான் போனேன். ஏதோ எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்த பழைய மிஷின் அது.

பாதி அறுக்கும்போது திணறி நின்றது. திறந்து பார்த்தால், காற்றை வடிகட்டும் பில்டர் கிழிந்திருந்தது. அப்படியே ஓட்டினால் மரத்தூள் உள்ளே போய் என்ஜின் பாழாகிவிடும்.

ரோட்டோர டீக்கடையில் டீ வடிகட்டும் துணிப்பை கண்ணில் பட்டது. கடைக்கார அம்மாவிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். பஸ் கூட்டம் மொத்தமும் டீக்குக் காத்திருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு நின்றேன்.

"ஏண்ணே, துணிப்பையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?" என்றார் அவர்.

விஷயத்தைச் சொன்னேன். உடனே பையை அலசிப் பிழிந்து, அடுப்பு அனலில் உலர்த்திக் கொடுத்தார்.

"ஏம்மா, எங்களுக்கு டீ?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"புதுக்கோட்டையில போயி குடிங்க. இங்கிட்டு ஒரு புள்ள துடிக்குது!"

பில்டர் இருந்த இடத்தில் துணியை மடித்துக் கட்டி, மரத்தை அறுத்து முடித்தேன். பஸ் போனது. பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவமானதாக மறுநாள் கண்டக்டர் சொன்னார்.

பஸ் போனபின் அந்த அம்மா காலி பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் நின்றதால் கிடைத்த வியாபாரத்தைத்தான் அவர் அனுப்பி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நன்றி சொல்லவும் கூச்சப்பட்டு, ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் யாராவது தயங்கி நிற்பதைக் கண்டால், நானே போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன்.