பேர் வெட்டிய தட்டு

அரியலூர் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கினால், விலை பேசி முடித்ததும் கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி, "பேர் வெட்டணுங்களா?" என்பதுதான். போன மாதம் அந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றி, அரசு மாணவியர் விடுதி ஒன்றுக்குக் கொடுப்பதற்காக எவர்சில்வர் தட்டுகள் எடுத்திருந்தேன். கடைக்காரர் பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்கம்மா" என்று காத்திருந்தார். நான் மேலாக இருந்த தட்டின் விளிம்பைத் தடவியபடி நின்றேன். கொடுக்கிறவளுக்கே பெயர் மறந்துபோய்விட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். என் நினைவில் வந்து நின்றது வேறொரு தட்டு, அதில் வேறொரு பெயர்.

அந்தத் தட்டைக் கொடுத்தவரை நாங்கள் காண்டிராக்டர் என்றுதான் சொல்வோம். ரெட்டிபாளையம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி, லாரியில் சிமெண்டு ஆலைக்கு அனுப்புவது அவர் தொழில். அப்பா அவருடைய குவாரியில் கல் ஏற்றினார். காண்டிராக்டர் வீடு ஊருக்கு நடுவில் இருந்தது, எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. சனிக்கிழமைக் கூலியை இழுத்தடிக்க மாட்டார். எங்கள் தெருவில் பிரசவ வலி கண்டால் நடுச்சாமத்திலும் ஜீப்பை அனுப்புவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எல்லாமே சுலபமாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் பி.யூ.சி. முடித்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தேன். அரசு உதவித்தொகை கிடைத்தது. அதோடு அரசு விடுதியில் தங்குவதற்கு இடமும் கிடைத்தது. மூன்று வேளைச் சோறு, படுக்க இடம், இரவில் படிக்க விளக்கு. எங்கள் வீட்டில் இந்த மூன்றும் ஒன்றாக என்றைக்கும் இருந்ததில்லை. விடுதியின் புழுங்கலரிசிச் சோற்றைப் பற்றி மற்ற பெண்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது தேவாமிர்தம். அந்த வருடம்தான் காண்டிராக்டரின் தாயார் காலமானார். அவர் பெயரில் ஓர் உதவித்தொகை, குவாரியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் யார் கல்லூரிக்குப் போனாலும் கொடுக்கப்படும் என்று காண்டிராக்டர் அறிவித்தார். கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் மைக் கட்டி விழா நடந்தது. அப்பாவை அன்றாடம் "என்னடா" என்று கூப்பிடுகிற காண்டிராக்டர், அன்றைக்கு மைக்கில் "வாங்க" என்றார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே மேடை ஏறினார். ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் வாழைப்பழமும் பூவும் வைத்து, நடுவில் பணக் கவரை வைத்து என்னிடம் கொடுத்தார்கள். தட்டும் எனக்குத்தான். "காலேஜுல போயி இந்தத் தட்டுல சாப்புடு புள்ள. எங்கம்மா பரிமாறுற மாதிரி நெனச்சுக்க" என்று சொல்லும்போது காண்டிராக்டர் அழுதுவிட்டார். கூட்டமே அழுதது. நானும் அழுதேன். தட்டின் உள்விளிம்பில் அவர் தாயாரின் பெயரும், அதையொட்டி 'நினைவாக' என்ற சொல்லும் புள்ளி புள்ளியாகக் கையால் வெட்டப்பட்டிருந்தன. எனக்கென்று அதற்கு முன்னால் எவர்சில்வரில் எதுவும் இருந்ததில்லை.

விடுதியில் அவரவர் தட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். நான் என் அலுமினியத் தட்டை ஊரிலேயே விட்டுவிட்டு, இதை எடுத்துக்கொண்டு பெருமையாகப் போய் வரிசையில் நின்றேன். வார்டன் அம்மா அன்று சோறு போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். விளிம்பைப் பார்த்தவர், "இது யாரு குடுத்தது?" என்று கேட்டார். நானும் மேடை, மைக், கவர் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் வார்டன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அரசு உதவித்தொகை வாங்குகிறவர் வேறு எங்கும் உதவித்தொகை வாங்கக் கூடாது, வாங்கினால் அரசுத் தொகை நின்றுவிடும், அதோடு விடுதி இடமும் போய்விடும் என்றார். காண்டிராக்டர் கொடுத்தது கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும். சோற்றுக்கும் படுக்கைக்கும் ஆகாது. ஒரு கையில் வாங்கியதற்காக இன்னொரு கையில் இருந்த பெரியதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"பணத்தத் திருப்பிக் குடுத்துடுறேங்க" என்றேன். அது போதாதாம். கொடுத்தவரே, உதவித்தொகையை நிறுத்திவிட்டேன் என்று எழுதித் தர வேண்டும். "ஊருக்கே தெரியுற மாதிரி தட்டத் தூக்கிட்டு வந்துட்டியேம்மா. எடத்துக்கு வெளிய புள்ளைங்க காத்துக்கிட்டிருக்குங்க, நான் எப்படி மறைக்கிறது? சீக்கிரம் எழுதி வாங்கிட்டு வா" என்றார் வார்டன் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அவர் மேல் வருத்தம் கிடையாது.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "கெடுதல் பண்ற ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிப்புடலாம். நல்லது செய்யுறவர்கிட்ட எப்படிப் பாப்பா சொல்றது?" என்றார். ஆனாலும் மறுநாள் என்னைக் குவாரிக்கு அழைத்துக்கொண்டு போனார். வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது. காண்டிராக்டர் ஜீப்பில் சாய்ந்தபடி நான் சொன்னதைப் பாதிவரை கேட்டார். அதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. "குடுத்தத நிறுத்திட்டேன்னு நான் எழுதித் தரணுமா? எங்கம்மா பேர்ல குடுத்தத? ஊரு என்ன பேசும்?" என்றார். அப்பா, "இல்லீங்க மொதலாளி, புள்ளைக்கு வெவரம் பத்தல" என்று உடனே பின்வாங்கினார். காண்டிராக்டருக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பிறகு சிரித்தார். "ஆஸ்டல் சோறுதானே போச்சு? நம்ம வூட்டுல சோறில்லியா? எங்கக்கா வூடு அரியலூர் ஸ்டேஷன் பக்கத்துலதான். அங்க தங்கிக்கிட்டு ரயில்ல போயிட்டு வரட்டும். பாஸு நான் எடுத்துத் தரேன்" என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றால், எங்கள் ஊரிலிருந்து காலை ரயிலுக்குப் பஸ் கிடையாது. மாட்டேன் என்று சொன்னால் படிப்பு போகும், அப்பாவின் வேலையும் போகும். சரி என்று தலையாட்டினேன்.

அக்கா வீட்டில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையை எனக்கு ஒதுக்கினார்கள். அவரைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். பெரியம்மா ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. "சாப்புட்டியா புள்ள?" என்று கேட்காத நாள் இல்லை. என் தட்டுக்கு இடம் கொல்லைக் கதவுக்கு வெளியே, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல். சாப்பாட்டு வேளைக்கு நான் தட்டோடு கொல்லைப்படியில் உட்கார்வேன், அவர் கை படாத உயரத்திலிருந்து சோற்றைப் போடுவார். கழுவி, மறுபடியும் அந்தக் கல்லில் கவிழ்த்து வைத்துவிடுவேன். கூடத்தில் அவர் தாயாரின் படம் மாலையோடு மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு முன்னால் விளக்கேற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதே தாயாரின் பெயர் கொல்லையில் குப்புறக் கிடப்பது அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தினமும் தோன்றியது.

"அந்த வைக்கோலக் கொஞ்சம் பிரிச்சுப் போட்டுட்டுப் போயேன்" என்று ஆரம்பித்தது, சாணி அள்ளுவது, கொல்லை பெருக்குவது, தண்ணீர் சேந்துவது என்று வளர்ந்தது. உத்தரவு என்று எதுவும் கிடையாது. எல்லாம் கெஞ்சலாகத்தான் வரும். அதனால் மறுக்கவும் வழியில்லை. கையில் சாணி வாடையோடு ரயிலில் உட்கார்ந்து படிப்பேன். பக்கத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் என்னைத்தான் என்று கூசுவேன். கல்லூரியில் விடுதிப் பெண்கள் மதியம் கூட்டமாகச் சாப்பிடப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். ஊரில் எல்லாரும், "சொந்தப் பொண்ணாட்டம் வச்சிருக்காங்களாமே" என்றார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை கடலையோடு வந்து, வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார். "நல்லாத்தானே இருக்க?" என்பார். "இருக்கேம்பா" என்பேன். அவரும் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். படிப்பை விட்டுவிடலாம் என்று அந்த வருடம் நினைக்காத வாரம் இல்லை. விட்டால் அதற்கும், கொடுத்தவர் மனசு நோகும் என்பார்கள்.

ஒரு விடுமுறை நாளில் காண்டிராக்டர் சொல்லாமல் வந்து இறங்கினார். கூடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைக்கு வந்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். கல்லில் இருந்த தட்டை ஒரு காக்கை தட்டிவிட, அது சாணிக்கூடைப் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து நிமிர்த்தினார். விளிம்பைப் பார்த்தார்.

"இது யாரு தட்டு?"

"என்னுதுங்க" என்றேன்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா கதவுக்கு வந்தார். "அத நீ ஏன் தொடுற? அந்தப் புள்ள திங்குற தட்டு. கையக் கழுவு."

"அம்மா பேரு இதுல இருக்குக்கா."

"பேரு இருந்தா? திங்குறது அவதானே?"

காண்டிராக்டர் தொட்டியில் தண்ணீர் மொண்டு, அடுப்புச் சாம்பலை எடுத்து அந்தத் தட்டைத் தானே தேய்த்தார். தேய்த்துப் பழக்கமில்லாத கை. வேட்டியெல்லாம் நனைந்தது. பிறகு துண்டால் துடைத்து, தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு ஒங்கப்பன வந்து பாக்கச் சொல்லு. அந்தக் கடுதாசிய எழுதித் தரேன். எங்கம்மா பேரு இப்படிக் கொல்லையில கெடக்குறதுக்கா நான் குடுத்தேன்" என்றார். நான் எங்கே படுக்கிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. எனக்காகப் பதறாதவர் ஒரு பெயருக்காகப் பதறினார். எனக்கு விடுதலை கிடைத்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த கல்வியாண்டில் விடுதியில் எனக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. பழைய அலுமினியத் தட்டோடு போய் வரிசையில் நின்றேன். வார்டன் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி கூடப் போட்டார். பட்டம் முடித்து, பி.எட். முடித்து, பெரம்பலூர் பக்கத்தில் ஆசிரியை வேலை கிடைத்தபோது எண்பதுகள் பிறந்துவிட்டிருந்தன. "அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லாம இருந்தா நல்லா இருக்காது பாப்பா" என்று அப்பா என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

குவாரி கைமாறிப் போய், காண்டிராக்டர் இளைத்திருந்தார். சந்தோஷப்பட்டார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த வீட்டுக் கூடத்தில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அப்பா, "நான் சாப்புட்டுத்தாங்க வந்தேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு வாழையிலை போட்டார்கள். விருந்தாளிக்கு இலை போடுவதுதான் மரியாதை. சாப்பிட்டதும் இலையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். எதிரே காண்டிராக்டருக்குத் தட்டு வைத்தார்கள். விளிம்பைப் பார்த்தேன். அதே தட்டு. விடுதியை விட்டு வந்த அன்று ரயிலடிப் படியில் நான் கைதவறிப் போட்டு விழுந்த சொட்டை அப்படியே இருந்தது. வீட்டுக்காரம்மா சோற்றோடு வந்தபடி, "இவரு வேற தட்டுல சாப்புட மாட்டாரும்மா. இத்தன வருசமா இதே ஒண்ணுதான்" என்றார். அவர் தலை நிமிரவில்லை. நான் சாப்பிட்ட தட்டில், தன் தாயார் பெயரின் மேல் குழம்பு படாமல் விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது தாயாருக்காகவா, எனக்காகவும் கொஞ்சமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

"அம்மா, பேரு?" என்று பாத்திரக் கடைக்காரர் மறுபடியும் கேட்டார். அப்பா பெயரைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. யார் வீட்டுக் கூடத்திலும் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடாத மனிதரின் பெயர், அத்தனை பெண்கள் சாப்பிடும் இடத்தில் பளபளக்க வேண்டும் என்று இருந்தது. காண்டிராக்டருக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அவரிடமிருந்து இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"எல்லாத்தையும் பேரில்லாம சும்மாவே கட்டிடுங்க. இதுல மட்டும் வெட்டுங்க" என்று மேலே இருந்த ஒரு தட்டை எடுத்து நீட்டினேன்.

அந்தத் தட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் நான்தான் சாப்பிடுகிறேன். அப்பா பெயரின் மேல் குழம்பு படாமல் வழித்துக்கொள்ள என் விரலும் பழகிவிட்டது.