இடது பக்கம் இரண்டு அங்குலம்

இளம்பிள்ளை வாதத்தால் காளிதாஸின் இடது கால் வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை. கொள்ளேகாலைத் தாண்டிய மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, அங்கே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டத் தொடங்கி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. வேலைக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை. கல்யாணம் அமையவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய க்ரூஸர் பைக்கை வாங்கித் தன் உடம்புக்கு மாற்றினார். சீட்டின் பஞ்சை அறுத்துத் தாழ்த்தினார். இடது கால்மிதியை இரண்டு அங்குலம் உயர்த்த, இரும்பில் ஒரு துண்டைத் தானே கடைந்தார். கியர் லீவரை அறுத்து, வளைத்து, பற்றவைத்தார்; சரியாக வரும்வரை மூன்று முறை அறுத்தார். அதன்பின் வண்டியில் போகும்போது அவர் நொண்டுவது யாருக்கும் தெரியாது. ஞாயிறுதோறும் கொள்ளேகால் போவார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். அங்கே வேறு வேலை எதுவும் இல்லை.

போன மழைக்காலத்தில் ரிங் ரோடு சிக்னலில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கால் தாங்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் கன்னடத்தில், "யஜமானரே, இந்த வண்டி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். மூன்று வாரம் யோசித்து, விற்பதென்று முடிவு செய்தார்.

பழைய வண்டி வியாபாரி கருப்புசாமி சுற்றிப் பார்த்தார். "இஞ்சினைக் கழட்டித் தனியா வித்துக்குவேன். மீதி இரும்புக் கடைக்கு. சரியா?"

"ஓட்டற ஆளுக்குத்தானுங்க குடுப்பேன்" என்றார் காளிதாஸ்.

ஓட்ட வந்தவர்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். கோணலாக இருக்கிறது என்றார் ஒருவர். அடிபட்ட வண்டி, முன்சக்கர ஃபோர்க் வளைந்திருக்கிறது என்றார் இன்னொருவர். காளிதாஸ் காரணம் சொல்லவில்லை.

ஐந்தாவதாக வந்தவன் பரத், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். மனைவி தாரணியையும் கூட்டி வந்திருந்தான்.

"வண்டி சூப்பர் அண்ணா. ஆனா லெஃப்ட் முட்டி டேங்க்ல இடிக்குது. ஆக்ஸிடென்ட் ஆகியிருக்கு, ஹௌதா, அப்படித்தானே?"

"சும்மா இருப்பா" என்று தாரணி அவன் சட்டையை இழுத்தாள். "ஆக்ஸிடென்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணன் காலைப் பாரு."

பரத் தலை குனிந்தான். "ஸாரி அண்ணா."

"எதுக்குங்க ஸாரி? அளவுதானுங்களே."

"நார்மலா மாத்தித் தர முடியுமா? தந்தா நானே எடுத்துக்கறேன். தினமும் ஓட்டுவேன்."

"ஞாயித்துக்கெழம வாங்க தம்பி."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஸ்பானர்களை விரித்தார். கால்மிதித் துண்டைக் கழற்றினார். வெட்டிய லீவருக்குப் பதில் நேர் லீவரைப் பூட்டினார். சீட்டுக்குப் புதுப் பஞ்சு வைத்தார். எந்த வேலையையும் ஓட்டிப் பார்க்காமல் அவர் விடுவதில்லை. ஏறி உட்கார்ந்தார். இடது கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. இறங்கி, வண்டியைக் கட்டைமேல் நிறுத்தி, கையாலேயே கியர்களை மாற்றிப் பார்த்தார். பின்சக்கரம் காற்றில் சுற்றியது. எல்லாம் சரியாக இருந்தது.

பரத் தனியாக வந்தான். தெருமுனை போய், அதையும் தாண்டிப் போய், பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பினான்.

"இப்ப நேரா இருக்கு அண்ணா! கடைசியா ஒரு ரவுண்டு போறீங்களா?"

"வேண்டாமுங்க. உங்க அளவாயிருச்சு."

"அப்ப ஏறுங்க. வண்டிப் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்தும் போட்டுடலாம்."

தன் வண்டியின் பின்சீட்டில் காளிதாஸ் உட்கார்ந்தது அன்றுதான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பரத் மூன்றாவது கியரைச் சீக்கிரமே போட்டான். இஞ்சின் திணறியது அவருக்குச் சீட்டின் அதிர்விலேயே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தார். அடுத்த வளைவில் அவன் சரியாகப் போட்டான். காளிதாஸ் வாயை மூடிக்கொண்டார்.