ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவனும் முதலில் வண்டி வாங்கியவனும் நான்தான். நாகர்கோவிலில் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்ததும், எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த செல்வின் அண்ணனிடம் பழைய பைக் வாங்கினேன். அவர் வீட்டில் செல்ஃப் அடித்ததுமே கிளம்பியது. எங்கள் முற்றத்தில் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி லாக் போட்டு நிறுத்தி, காலையில் திறந்து அடித்தால் சத்தமே வராது. தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனபின் கிளம்பும்.

வேலைக்குத் தாமதமானது. இன்னொரு முறை பிந்தினால் வரவேண்டாம் என்றார் மேலாளர். செல்வின் அண்ணன் நல்ல பேட்டரியை எடுத்துவிட்டு மோசமானதை மாட்டிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"லேய், அவன் கோயில்ல வேதம் வாசிக்கியவனாக்கும்" என்றார் அப்பா.

கடையில் சோதித்தால் பேட்டரி நன்றாகவே இருந்தது.

மறுநாள் லாக்கைத் திறந்து சாவியைத் திருப்பியபோது நியூட்ரல் விளக்கைக் கவனித்தேன். எரியவில்லை. ஹேண்டிலை நேராக்கினேன், எரிந்தது. மறுபடி இடப்பக்கம் திருப்பினேன், அணைந்தது. ஹேண்டிலுக்குக் கீழே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது; ஹேண்டில் நேராக இருந்தால் மட்டும் முனைகள் தொட்டுக்கொண்டன.

வாங்கிய அன்று நான் செல்ஃப் அடித்தபோது, அண்ணன் ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டே நின்றது நினைவுக்கு வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டேன்.

"மணல்ல ஸ்டாண்ட் புதையும்லா மக்கா, அதாக்கும் பிடிச்சேன்."

"உங்க முற்றம் சிமெண்டுலா அண்ணே?"

அவர் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்.

ஒயரை மாற்றினேன், வேலையும் தப்பியது. இப்போது நண்பர்களுக்காகப் பழைய வண்டி பார்க்கப் போனால், ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி செல்ஃப் அடித்துப் பார்க்கிறேன். அதற்கு முன்பு விற்பவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிடுகிறேன்.