காலி டாங்கிக்குப் பூட்டு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் முலாஞ்சேக்கு வந்து என் வீட்டுச் சுவர் இருந்த இடத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். அதிகாலை 2:40 வரை உட்கார்ந்தால் போதும்.

என் பெயர் லைசன். வாடகைக் கார் ஓட்டுகிறேன். போன மழைக்கு முன்னால் மலாவி நாடு முழுக்கப் பெட்ரோல் தட்டுப்பாடு. பங்க்கில் மூன்று நாள் வரிசை. காருக்குள்ளேயே தூங்கி, சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு கிடந்து, இருபது லிட்டர் வாங்கி வந்தேன். சவாரிக்காக இல்லை. என் மனைவி எஸ்னாத்துக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. இந்த முறை வலி எடுத்த உடனே பிளான்டயர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அறுபத்தைந்து கிலோமீட்டர். அந்த இருபது லிட்டர்தான் என் பிள்ளையின் உயிர்.

செவ்வாய் இரவு எவனோ அதை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் பார்த்தால் டாங்கி மூடி தரையில் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டு ரப்பர் குழாய், முனையில் பல் பதிந்த தடம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். ஊரே குடத்தோடு நின்றது. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எடுத்தவன் எவனா இருந்தாலும் சரி. ஒவ்வொரு சொட்டையும் கக்காம அவன் மண்ணுக்குள்ள அடங்கக் கூடாது."

மறுநாள், வியாழன் காலை, பின் சந்திலிருந்து ஒப்பாரி கேட்டது. செங்கல் சூளையில் வேலை செய்த லிம்பானி செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. காய்ச்சல் என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். ஆண்கள் குழி வெட்டப் போவார்கள், பெண்கள் சோளமாவு கொண்டுபோவார்கள். அடக்கம் முடியும்வரை சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது. எஸ்னாத் கெஞ்சினாள்.

"ஒரு எட்டு போய்ட்டு வாங்க. போகலைன்னா நாளைக்கு நம்ம வீட்டுக்கு யாரு வருவா?"

"திருட்டுப் பயலுங்க நடுவுல நான் உட்கார மாட்டேன்."

போகவில்லை. அதோடு விட்டேனா? ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெல்டரைக் கூட்டி வந்தேன். டாங்கியைக் கழற்றி, கழுத்துக்குள் கம்பி வலை வைத்தோம், குழாய் நுழையாதபடி. அடியில் ஓட்டை போட முடியாதபடி இரும்புத் தகடு. மூடிக்குப் பூட்டு. தகடு அறுக்கும் சத்தம் இடுகாடு வரை போயிருக்கும். போகட்டும் என்றுதான் அறுக்கச் சொன்னேன். அவ்வளவு கோபம்.

சாயங்காலம் அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் என் வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். யாரும் முகம் கொடுக்கவில்லை. ஒருத்தன் மட்டும் நின்றான்.

"காலி டாங்கிக்கா இத்தனை பந்தோபஸ்து, அண்ணே?"

மூடி இருக்கும் பக்கத்தைச் செங்கல் சுவரோடு ஒட்டி காரைத் தள்ளி நிறுத்தினேன். நடுவில் நாலு விரல் இடைவெளி. பூனைகூட நுழையாது. வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே படுத்தேன். அவன் மறுபடி வருவான், வந்தால் கையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

2:40.

க்ளக்... க்ளக்... க்ளக்...

அப்புறம் ஒரு இருமல். நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் இருமல்.

கத்தியோடு குதித்தேன். யாரும் இல்லை. பெட்ரோல் வாடை மட்டும் குப்பென்று அடித்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

வெள்ளி இரவு, 2:40. அதே சத்தம். சனி இரவும்.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கிடந்த பெட்ரோல் முள் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. வெல்டர் முள்ளைக் கெடுத்துவிட்டான் என்று அவனையும் திட்டினேன்.

ஞாயிறு இரவு சுவர் மேல் ஏறி, குப்புறப் படுத்து, டார்ச்சோடு காத்திருந்தேன்.

2:40.

சத்தம் எனக்கு நேர் கீழே...

டார்ச்சை அடித்தேன். இடைவெளியில் யாரும் இல்லை. ஆனால் மூடியைச் சுற்றி, காரின் வெள்ளைப் பெயிண்டில் ஈரமாக ஒரு தடம். இரண்டு உதடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தது.

"யாருடா?"



மூச்சு மட்டும்... கொர்... கொர்...

அதன்பிறகு காரில் படுக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே கேட்டேன். ஒரு நாள் தவறவில்லை.

அடுத்த வியாழன் மாலை 4:10. எஸ்னாத்துக்கு வலி எடுத்தது. ஊரில் எந்தக் காரிலும் ஒரு சொட்டு இல்லை. வேறு வழியில்லாமல் அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்துச் சாவியைத் திருப்பினேன். முள் பாதிக்குப் போய் நின்றது. வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. வழியெல்லாம் பயம் ஒரு பக்கம். திருடன் எனக்குப் பிச்சை போடுகிறானா என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

பெண் குழந்தை. உயிரோடு பிறந்தாள்.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் லிம்பானியின் அம்மா வந்தாள். கையில் மஞ்சள் கேன், இருபது லிட்டர் பிடிக்கும். அதன் வாய் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, கயிறு போட்டு முடிச்சிட்டிருந்தது. குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேனைக் கீழே வைத்தாள்.

"இது உங்க பெட்ரோல், தம்பி. என் பையன்தான் எடுத்தான். எடுக்கும்போதே ஒரு வாய் நெஞ்சுக்குள்ள போயிருச்சு. அடுத்த ராத்திரி 2:40க்கு மூச்சு நின்னுச்சு."

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. அன்றைக்கே ஏன் கொண்டுவந்து தரவில்லை என்று சீறினேன். குழாயடியில் நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னாள்.

"குழியில இறக்குறதுக்கு முன்ன மூணு தடவை கேட்டோம். இவன் மேல யாருக்காவது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க, மன்னிச்சு அனுப்புங்கன்னு. உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதான்னு எல்லாரும் உங்க வீட்டுப் பக்கமே பாத்துட்டு நின்னோம். மிஷின் சத்தந்தான் வந்துச்சு."

நான் கேனைத் தூக்கினேன்.

கனமே இல்லை.

"நான் போட்ட முடிச்சு, தம்பி. இன்னும் அவிழ்க்கல. தினமும் காலைல தூக்கிப் பாப்பேன். கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு."

முடிச்சை நானே அறுத்துப் பார்த்தேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. வாடைகூட இல்லை.

அன்று மாலை அவளோடு இடுகாட்டுக்குப் போனேன். மண்மேட்டுக்கு முன்னால் நின்று, எனக்கு உன் மேல் ஒன்றும் இல்லை, நீ போ என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். எல்லாம் முடிந்தது என்று அன்று நிம்மதியாகப் படுத்தேன்.

2:40.

சுவர் ஓரத்தில் இருமல்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. காரை விற்றுவிட்டேன். சுவரை இடித்தும் பார்த்தேன். இருமல் நிற்கவில்லை. கேனில் இருந்ததெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அவன் நெஞ்சுக்குள் போன அந்த ஒரு வாய் மட்டும் வரவில்லை. அதைத்தான் ராத்திரி ராத்திரி கக்கப் பார்க்கிறான்.

ஒவ்வொரு சொட்டும் என்று நான்தானே சொன்னேன்.