மேல் லயத்துக்கு விஞ்ச் வருகிறது

எங்கள் எஸ்டேட் ஜீப்புக்கு மூக்கு முளைத்திருக்கிறது. அந்த மூக்கை நம்பி என் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் முழுக்க எங்கள் குடும்பம் பட்ட பாடு இதுதான்.

முதலில் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துரை (வெள்ளைக்காரர் இல்லை, தலச்சேரிக்காரர், பங்களாவில் இருந்தால் எல்லாரும் துரைதான்) கோயமுத்தூரில் மிலிட்டரி கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு விஞ்ச் எடுத்து வந்தார். சாணி நிறத்தில் ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு. ஜீப் சேற்றில் சிக்கினால் கயிற்றை இழுத்து எதிரே ஒரு மரத்தில் கட்ட வேண்டும். இஞ்சின் உருளையைச் சுற்றும். ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

டிரைவர் வர்க்கிச் சேட்டன்தான் எங்களுக்கு மெக்கானிக்கும். பழைய பம்பர் இதைத் தாங்காது என்றார். பாக்டரிக்குப் பின்னால் கிடந்த பழைய ரோப்வே கம்பத்தை அறுத்தார், ஓட்டை போட்டார், சேசிஸோடு சேர்த்து போல்ட் முறுக்கினார். புது பம்பர் ரெடி! அதன்மேல் விஞ்சை ஏற்றினோம். நானும் ஸ்பானர் பிடித்தேன். ஆபீஸ் கிளார்க்குக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் வம்சத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷில் எது வந்தாலும், அது இரும்பாகவே இருந்தாலும், என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். விஞ்சோடு வந்த இங்கிலீஷ் பேப்பரைப் படித்துச் சொன்னதும் நான்தான்.

ஜாக்கியை இறக்கினோம். ஜீப் முன்பக்கமாகக் குனிந்தது. குனிந்தது குனிந்தபடியே நின்றது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிறுத்திய பெண் மாதிரி. ஹெட்லைட் இரண்டும் ரோட்டை விட்டுவிட்டுத் தங்கள் சக்கரங்களையே பார்த்தன.

"சேட்டா, ஹேண்டிலை எங்க போடுவீங்க?" என்றேன்.

எங்கள் ஜீப்பின் பேட்டரி பெயருக்குத்தான் பேட்டரி. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். ஹேண்டில் போடுகிற ஓட்டைக்கு நேராக இப்போது விஞ்ச் உட்கார்ந்திருந்தது. சேட்டன் குனிந்து பார்த்தார். ஹேண்டிலை எடுத்துவந்து வைத்தும் பார்த்தார்.

"இதொன்னும் அந்தப் பேப்பர்ல எழுதியிட்டில்லியா?"

"இல்ல சேட்டா."

"பின்னே எந்துக்குடா நீ படிச்சே?"

அன்று முதல் ஜீப்பை இறக்கமான இடத்தில் மட்டும் நிறுத்துகிறார். உருட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகும்.

இனி அக்கா. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு மாரியக்காவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: மலைமேல் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், மேல் லயத்தில் இருக்கிறாள், தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள், நான் எழுதியதைப் படித்துக் காட்டினால் கடைசிவரை கேட்டுவிட்டு "பொய்யி" என்பாள். இப்போது நிறைமாதம். முதல் பிள்ளைக்கு வலி கண்டபோதும் மழைக்காலம்தான். கம்பளியில் தொட்டில் கட்டி ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழுக்கல்... பிள்ளை வழியிலேயே போய்விட்டது. இனிமேல் செத்தாலும் அந்தக் கம்பளியில் ஏற மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

அதனால்தான், மழை பிடிக்குமுன் கீழே ஆஸ்பத்திரி வார்டில் வந்து இரு என்று எல்லாரும் கெஞ்சினோம்.

"நான் எதுக்குடா வரணும்? அதான் விஞ்சு வருதுல்லா!"

எங்கள் ஆட்களுக்கு விஞ்ச் என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பழனி! தண்டவாளம், பெட்டி, ஏறி உட்கார்ந்தால் முருகன் வாசலில் இறக்கிவிடும். துரை விஞ்ச் வாங்கிவிட்டார் என்ற செய்தி லயத்தில் பரவிய அன்றே மச்சான் சுடலைமுத்து அதற்கு ஸ்டாப் பார்த்துவிட்டார்.

"கோயில்கிட்ட நிப்பாட்டச் சொல்லு மாப்ள. பைப்புகிட்ட வேண்டாம், பொம்பளைங்க சண்டை போடுவாளுவ."

நான் தீப்பெட்டியை ஜீப்பாக வைத்து, நூல் கட்டி, ஆணியில் சுற்றி, விளக்கமாகச் செய்து காட்டினேன்.

"சரி, இதுல ஆள் எங்க உக்காரும்?" என்றாள் அக்கா.

"ஆள் உக்காராதுக்கா. இது ஜீப்பை இழுக்கும்."

"ஜீப்பை எதுக்கு இழுக்கணும்? அது தானா போவாதா?"

நான் தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், மச்சான் ஆபீசுக்கு ஓடிவந்தார். வலி எடுத்துவிட்டது. ஜீப்பை உருட்டி, ஏறி, கிளம்பினோம். மேல் லயத்துக்கு ஏறுகிற மண்பாதையில் பாதி தூரம் ஒழுங்காகப் போனது. ஒரு வளைவில் சக்கரம் புதைந்தது. நான் இறங்கிக் கயிற்றை இழுத்துப் போய் மேலே நின்ற சவுக்கு மரத்தில் கட்டினேன். சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டு லீவரைத் தள்ளினார்.

உருளை சுற்றியது. கயிறு விறைத்தது. ஜீப் அசையவில்லை.

மரம் அசைந்தது. இந்த ஈர மண்ணில் அதற்கு எங்கே பிடிமானம்? வேரோடு சாய்ந்து, பம்பருக்கு முன்னால் வந்து படுத்துக்கொண்டது. ஜீப்பின் இஞ்சினும் பயந்துபோய் நின்றுவிட்டது. ஹேண்டில் போடலாமா? அதற்குத்தான் வழியில்லையே!

பார்த்தால், மேலேயிருந்து அக்கா நடந்தே வருகிறாள். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, இரண்டு பக்கமும் பெண்கள், பின்னால் லயத்து ஆட்கள். மரத்தைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள்.

"ஏலே, இதாலே விஞ்சு?"

"ஆமாக்கா."

"மரம் புடுங்குத மிசினுன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

சொல்லி முடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மச்சான் கண்ணில் பழைய கம்பளி தெரிந்தது.

அந்த பம்பர் அப்போதுதான் உபயோகப்பட்டது. லயத்து ஆட்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பம்பரை வரிசையாகப் பிடித்து, "அரோகரா!" என்று ஜீப்பின் முன்பக்கத்தை அலாக்காகத் தூக்கி, கீழ்ப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். பிடிக்க அவ்வளவு வாகான பம்பர்! அக்காவைத் தூக்கி உட்கார வைத்தோம். ஜீப் உருண்டது, இருமியது, உறுமியது.

ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். பெண் பிள்ளை. ஊரே கேட்கிற மாதிரி அழுதது. மச்சான் வராந்தா மூலையில் நின்றுகொண்டு அதைவிடச் சத்தமாக அழுதார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மேலிடத்திலிருந்து நமக்கு வருகிறவற்றில் பெயர் மட்டும்தான் சரியாக வந்து சேருகிறது. லயம் கேட்டது மேலே ஏறி வருகிற ஒரு வண்டி. வந்தது, வண்டிக்கு ஒரு மூக்குத்தி.

மறுநாள் துரை பிஸ்கட் பாக்கெட்டோடு வார்டுக்கு வந்தார். முகமெல்லாம் பெருமை.

"எந்தா மாரி, நம்ம விஞ்ச் எப்படி?"

"நல்லா இருக்குதுய்யா," என்றாள் அக்கா, பிள்ளையைத் தட்டிக்கொண்டே. "அது ஏறி வாறதுக்கு ஒரு ரோடு மட்டும் போட்டுக் குடுத்துருங்க. பாவம், ரொம்பக் கஷ்டப்படுது."

துரை பிஸ்கட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.