தூக்க முடியாத ஹீட்டர்

எண்பதுகளின் நடுப்பகுதியில், சுவிசில், டீட்டிகோன் என்ற ஊரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் முதலாம் மாடியில் நானும் கணவரும் மகளும் குடியிருந்தோம். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். கணவரை இங்கே ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், பழக்க தோஷம். அந்த மனுசன் எனக்கு அடித்த அடிக்கு ‘அவன்’ என்பதே அதிகம்.

வீடு முழுவதையும் சூடாக்க ஒரே ஒரு எண்ணெய் அடுப்புத்தான் இருந்தது. மண்ணிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்கான எண்ணெய் நிலவறையில் பெரிய தாங்கியில் கிடந்தது. மூக்கு நீண்ட தகரக் கானில் பிடித்துப் படிப்படியாகச் சுமந்து வந்து ஊற்ற வேண்டும். அது அவருடைய வேலை. ஓட்டல் சமையலறையில் கோப்பை கழுவி, யார் யாரிடமோ ஏச்சு வாங்கி, அந்த ஆத்திரம் முழுவதையும் அந்தக் கானோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே வருவார்.

அடிப்பதென்று வந்தால் எதால் அடிப்பது என்று அவர் யோசிப்பதில்லை. கையில் சப்பாத்து இருந்தால் சப்பாத்தால் அடிப்பார், அகப்பை இருந்தால் அகப்பையால். ஒருநாள் தேங்காய்ப்பால் டின்னோடு நின்றார். அந்தத் தழும்பு இன்றைக்கும் என் புருவத்துக்கு மேல் இருக்கிறது. அதனால் அவர் வீட்டுக்குள் வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். மணம் கீழே போகக்கூடாதென்று, வெளியே பனி கொட்டக் கொட்ட, யன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் சனம் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். சூட்டை வெளியே விட்டுவிட்டுச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு சமைப்போம். அவர் கானோடு வந்து வாசலில் நின்றார்.

“நான் முதுகு முறிய எண்ணெய் காவிறன், நீ ரோட்டுக்குச் சூடு குடுக்கிறியோ?”

“யன்னலைச் சாத்தினால் மீன் மணக்குதெண்டு கீழை இருந்து சத்தம் போடுவினம். அதுக்கு நீங்களே போய் மறுமொழி சொல்லுங்கோ” என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

“வாயைப் பொத்தடி. ஊத்திக் கொளுத்திப் போடுவன்!”

கோபம் வந்தால் எங்கள் ஆண்கள் சாதாரணமாகச் சொல்லும் பேச்சுத்தான் இது. ஊரில் எந்த ஒழுங்கையிலும் கேட்கலாம். கேட்டவர்கள் சாப்பாட்டை விட்டு எழும்பக்கூட மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர் கையில் கான் இருந்தது.

ஊற்றினார். இடுப்புக்குக் கீழே ஹவுஸ்கோட் முழுக்க நனைந்து, காலுறைக்குள்ளும் எண்ணெய் இறங்கியது. அடுப்பின் மேல் கிடந்த நெருப்புப் பெட்டியை எடுத்து ஒரு குச்சியைத் தட்டி என் காலடியில் போட்டார். அது எண்ணெய்க்குள் விழுந்து அணைந்துபோனது.

அவருக்கு நம்ப முடியவில்லை. ஊர் மண்ணெண்ணெய் என்றால் குச்சியைக் கிட்டக் கொண்டுபோகவே பாய்ந்து பிடிக்கும். அவர் பழகியது அதோடுதான். இது வீட்டைச் சூடாக்கும் கனத்த எண்ணெய். முதலில் இது சூடேற வேண்டும், பிறகுதான் பற்றும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டது மாதிரி அவர் கானைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்துக்குள் நான் மகளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். என்னைக் காப்பாற்றியது தெய்வமும் இல்லை, அவருடைய இரக்கமும் இல்லை. எண்ணெயை மாறி நினைத்ததில் வந்த பிசகு, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் மேலே வந்தார். கீழ்த்தளத்தில் இருந்த கிழவர். எரிகிற எண்ணெயில் பாதிச் சூடு புகைக்கூண்டு வழியாக வீணாகப் போகிறது என்று அவருக்குக் கவலை. அடுப்பை மாற்றப் போகிறாராம். எதை வைப்பதென்று நாங்களும் சொல்லலாமாம். மொழிபெயர்க்க ஒரு அண்ணையைக் கூப்பிட்டிருந்தோம். எங்களுக்கு முதலே வந்து டொச்சு, அதாவது ஜெர்மன், படித்தவர். அந்த நாளில் விசாவோ வீடோ வேலையோ, அண்ணை சாப்பிட்டு முடித்துச் சொல்லுவதுதான் முடிவு. கிழவர் ஒரு வார்த்தை சொல்ல, அண்ணை தனக்குச் சரியென்று பட்டதைத்தான் தமிழில் சொல்லுவார்.

கிழவர் மூன்று வழி சொன்னார். முதலாவது, எண்ணெய் குறைவாகக் குடிக்கிற புது அடுப்பு. இரண்டாவது, மூடி எரிக்கிற விறகு அடுப்பு, சூடு நெடுநேரம் நிற்குமாம். கடைசியாகச் சொன்னது கரண்டில் ஓடுகிற ஒரு பெட்டி. இரவில் மலிந்த கரண்டில் உள்ளே இருக்கிற கல் சூடேறி, பகல் முழுக்க வெப்பம் விடும். சுவரோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

எது மிச்சம் பிடிக்கும் என்று அவர்கள் கதைத்தார்கள். சமையலறை வாசலில் நின்ற நான் வேறு மாதிரி யோசித்தேன். எண்ணெய் என்றால் திரும்பவும் கான். விறகு என்றால் கோடாலி. கரண்ட் பெட்டியில் அவர் கைக்கு ஒன்றும் வராது.

“விறகுதான் நல்லம்” என்றார் அண்ணை. “என்ரை வேலைத்தலத்திலை உடைஞ்ச பலகை சும்மா கிடக்கு. கோடாலியும் என்னட்டை இருக்கு, கொண்டுவாறன்.”

“ஓம் அண்ணை, நீங்கள் சொன்னால் சரி” என்றார் இவர்.

எனக்கு உடம்பு முழுக்கக் கொதித்தது. ஆண்கள் பேசும் இடத்தில் பெண் வாய் திறப்பதில்லை, வீட்டுக்குள் நடந்ததை வெளி ஆளிடம் சொல்வதில்லை என்றெல்லாம் எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். குளியலறைக்குப் போனேன். தோய்க்காமல் பையில் கட்டி வைத்திருந்த ஹவுஸ்கோட்டை எடுத்து வந்து, அண்ணையின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போட்டேன். எண்ணெய் நாற்றம் கறி மணத்தை மூடியது.

“இது நான் போட்டிருக்கேக்கை இவர் ஊத்தினது. நெருப்புக்குச்சியும் தட்டினவர். பத்தேல்லை. நீங்கள் கோடாலியைக் கொண்டுவந்து குடுங்கோ, அது பிழைக்காது.”

இவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அண்ணை இவர் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார். கிழவர் துணியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். அண்ணை அதை மொழிபெயர்க்கவில்லை. கிழவரிடம் திரும்பி, “ஸ்ட்ரோம்” என்று மட்டும் சொன்னார். கரண்ட் என்று அர்த்தம். பிறகு இவரிடம் குரலைத் தாழ்த்தி, “இது வெளியிலை தெரிஞ்சால் எங்கடை சனம் ஒருத்தருக்கும் முகம் குடுக்கேலாது” என்றார்.

கால் எரிந்ததோ, பயந்துபோனியோ என்று அண்ணை என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவருக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அவருடைய மானத்தால் எனக்குக் கரண்ட் பெட்டி கிடைத்தது.

வேலையாட்கள் வந்து எண்ணெய் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கானையும் கொண்டுபோகச் சொல்லிக் கையைக் காட்டினேன். கல்லைச் சிறிது சிறிதாகச் சுமந்து வந்து அடுக்கி, பெட்டியைச் சுவரோடு பூட்டினார்கள். அவர்கள் போன பிறகு நான் அதை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம், அவர் வேலையால் வந்தார். அண்ணைக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன் என்ற கறள் அவர் மனதில் இருந்தது. தேத்தண்ணி ஆறிவிட்டது என்று தொடங்கினார். நான் வழக்கம்போலக் கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தூக்கக்கூடிய எதையும் நான் அங்கே விட்டு வைக்கவில்லை. வெறுங்கையால் அடித்தார். சொண்டு வெடித்து இரத்தம் வாய்க்குள் வந்தது. தலை சுவரில் மோதியது. திரும்பவும் அடித்தார்.

‘கைதானே, வெறும் கைதானே’ என்று நினைத்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

மகள் கரண்ட் பெட்டியில் இரண்டு கையையும் வைத்துச் சூடு காய்ந்துகொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை. பார்த்துப் பழகிவிட்டாள். அப்போதுதான் என் சந்தோசத்தின் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. இந்த அறையில் மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டேன், இனி மிச்சம் இந்த மனுசன்தான் என்று விளங்கியது. அவர் மூச்சு வாங்க நின்றபோது நெஞ்சில் பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். விழுந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், கீழே இறங்கி ஓடினேன்.

கிழவர் கதவைத் திறந்தார். படிக்கட்டில் இருட்டு. என் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. புதுப் பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தார். “ஹைட்சுங் கபுட்?” என்று கேட்டார், ஹீட்டர் உடைந்துவிட்டதா என்று.

என்னிடம் இருந்த டொச்சு அவ்வளவையும் திரட்டினேன். “ஹைட்சுங் நல்லது” என்றேன். “மனுசன் கபுட்.”

அவர் விளக்கைப் போட்டு என் வாயைப் பார்த்தார். பிறகு எங்களை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டினார். அந்தப் படியில் நான் திரும்ப ஏறவே இல்லை.