குளிரை மிரட்டிய அரசு அண்ணன்

“குளிரா? என்னைப் பார்த்தா அதுவே கம்பளி தேடும் லா!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு, ஐஸ் கட்டிகள் மிதக்கும் தொட்டிக்குள் இரண்டு கால்களையும் விட்டபடி கோப்பி குடிக்கிறார் திருநாவுக்கரசு. பினாங்குத் துறைமுகத்தின் வெல்ட் கீ சாலையை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவருடைய முக்குளிப்புக் கடை. கடையைத் திறக்குமுன் வாசல் நடைபாதையில் இந்தத் தவம் தினமும் நடக்கும். ஐஸ் மீன்கடையிலிருந்து வருவதால் தவசீலரின் பாதங்களில் கொஞ்சம் கெம்போங் மீன் வாசம் உண்டு. “கால் நீலமாச்சே அண்ணே?” என்று யாராவது பதறினால், “ரத்தம் ரெஸ்ட் எடுக்குது, டிஸ்டர்ப் பண்ணாதீங்க” என்பார்.

ஊரில் அவர் அரசு அண்ணன். துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளைச் சுரண்டும் முக்குளிப்பாளராகப் பல காலம் ஊறியவர். பினாங்குக் கடலுக்குள் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கப்பல் எங்கே இருக்கிறது என்பதை அவர் நெற்றியால்தான் கண்டுபிடித்தார். நெற்றியில் அதற்கான சான்றுகள் இன்றும் இருக்கின்றன.

இப்போது ஆட்களைக் கடலடிக்கு அழைத்துப்போய் மீன் காட்டுவது தொழில். ஆனால் நம்மூர்க் கடல்மீது அவருக்கு மரியாதை கிடையாது. “இது கடலா? சூப்பு!” சென்ற ஆண்டு அவர் ஒரு பயணத்தை அறிவித்தார். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், மலைகளுக்கு நடுவே கடல் நீள நீளமாய் நுழைந்து கிடக்கும் ஃபியோர்டுகளில் முக்குளிப்பு. சாலை கிடையாது, போன் சிக்னல் கிடையாது, படகு ஒன்றே கதி. குளிர்ந்த தண்ணீரில் அவரே ஒருமுறைகூட இறங்கியதில்லை. இதை அவர் ஒரு குறையாகக் கருதவில்லை, விளம்பரத்திலும் குறிப்பிடவில்லை.

பெயர் கொடுத்தவர்களில் மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஜெகதீஸ்வரியும் உண்டு. முன்பொரு தடவை பாயார் தீவில் முக்குளித்தபோது காது வலி தாங்காமல், டேங்க்கில் அரைவாசிக் காற்று மிச்சமிருக்க, ஜெகதீஸ்வரி பாதியிலேயே மேலே வந்துவிட்டார். அன்று படகிலேயே அரசு அண்ணன் அவருக்கு ‘அரை டேங்க்’ என்று பெயர் சூட்டினார். பெயர், அதைச் சூட்டியவரைவிட வேகமாக நீந்தித் தொழிற்சாலை கேண்டீன்வரை போய்ச் சேர்ந்தது. இன்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள்கூட, “அரை டேங்க் அக்கா வருது, வேலையப் பாரு” என்கிறார்கள்.

“அரை டேங்கும் வருதா?” என்று கேட்டார் அரசு அண்ணன்.

“வர்றேன் அண்ணே. அங்க கடலடியில இருக்கிற கருப்புப் பவளத்தப் பார்க்கணும். பேரு கருப்பு, நிக்கிறது வெள்ளையா. என்ன நியாயம் இது?” என்றார் ஜெகதீஸ்வரி. “இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. இந்தத் தடவை நீங்க கையெடுத்துக் கும்பிட்டாலும் பாதியில மேல வர மாட்டேன்.”

“நான் ஏம்மா கும்பிடப் போறேன்? மேல போலாம்னு நான் சொன்ன சரித்திரமே கிடையாது.”

ஃபியோர்டு அவர்களை மழையோடு வரவேற்றது. செங்குத்தான பாறைகளிலிருந்து அருவிகள் நேரே கடலுக்குள் குதித்தன. காட்டு இலைகளின் சாறு கலந்த மழைத்தண்ணீர் கடலுக்கு மேலே ஒரு பழுப்புப் படலமாக நின்றது. “பாத்தீங்களா, மேல பால் ஊத்தாத தே ஓ, கீழ கண்ணாடி!” என்று அதைத் தானே கலக்கி வைத்ததுபோல அரசு அண்ணன் பெருமைப்பட்டார்.

அங்கே உலர்உடை போட்டுத்தான் இறங்க வேண்டும். கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் பட்டைகள் கவ்விக்கொள்ளும். உள்ளே ஒரு சொட்டுப் புகாது. உடையை மாட்டுமுன் அரசு அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த தைலப் புட்டியைத் திறந்தார். தலைவலி முதல் தலைவிதிவரை அவரிடம் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. “கழுத்துல நல்லா தேச்சிக்கோங்க. உள்ளயே ஹீட்டர் போட்ட மாதிரி இருக்கும்.” படகுக்காரப் பெண்மணி ஓடிவந்து, எண்ணெய் பட்டால் ரப்பர் வழுக்கும், தண்ணீர் உள்ளே போய்விடும் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தார். “நோ ப்ராப்ளம் லா, திஸ் இஸ் பினாங்கு மெடிசின்” என்று தன் கழுத்தில் இன்னொரு கை தேய்த்துக்கொண்டார் நம்மவர். மற்றவர்கள் புட்டியை நைசாகக் கை மாற்றிவிட்டார்கள். சொன்ன சொல் தட்டாமல் தேய்த்துக்கொண்டது ஜெகதீஸ்வரி ஒருவர்தான்.

பழுப்பைக் கடந்து கீழே போனதும் தண்ணீர் தெளிந்து இருண்டது. விளக்கொளியில், பனி பூத்த மரம்போல வெள்ளை வெளேரென்று நின்றது கருப்புப் பவளம். அந்த நேரம் பார்த்து அரசு அண்ணனின் பிடரியில் ஒரு கோடு இறங்கியது. ஊசிபோல மெல்லிய, ஐஸ் தண்ணீர்க் கோடு. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விசாரித்துக்கொண்டே இடுப்புக்கு வந்தது. தைலம் தன் வேலையைச் செய்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் திரும்பினார். ஜெகதீஸ்வரியின் உதடுகள் நீலமாயிருந்தன. ‘சரியா?’ என்று விரலை வளைத்துக் கேட்டார். ஜெகதீஸ்வரியும் பதிலுக்கு வளைக்கப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடித் தடுமாறி, ஒருவழியாகச் சேர்ந்தன. சரிதானாம். மறுபடி கேட்டார். மறுபடியும் அதே நடுங்கும் வளையம். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள், ‘மேலே கூப்பிட்டுத்தான் பாருங்களேன்’ என்று முறைத்தன.

இப்படி விறைத்த கையால், உடைக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை அழுத்த முடியாது என்பது அரசு அண்ணனுக்குத் தெரியும். மேலே போ என்றால் இந்தப் பெண் போகாது என்பதும், போனாலும் கேண்டீன் விடாது என்பதும் தெரியும்.

அவர் எல்லாருக்கும் எதிரே நீந்தி வந்து நின்றார். கைவிளக்கைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டார். ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இரண்டு கைகளையும் குறுக்கே மடித்து, மழையில் நனைந்த பிள்ளைபோலத் தன் தோள்களைத் தானே பரபரவென்று தேய்த்தார். பிறகு ஜெகதீஸ்வரியைப் பார்த்தபடி, கட்டைவிரலை மேற்பரப்பை நோக்கி நிமிர்த்தினார்: ‘மேல போலாம்.’